கோசில் விழுந்த புழுவும் நம் தலையில் விழுந்த கடனும்

தலையங்கம்

மேல்மலை, கீழ்மலை விவசாயச் சொந்தங்களே!

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, கூக்கால், வில்பட்டி என்று எந்த ஊரில் கோசு போட்டவரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: "மருந்து அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போச்சு, புழு மட்டும் சாகலை." காலிஃப்ளவர் போட்டவரும் இதையேதான் சொல்கிறார். நாற்று, உரம், கூலி, லாரி வாடகை, சாக்கு, மண்டி கமிஷன் எல்லாம் ஒரு பக்கம். மருந்துக்கடை பாக்கி மட்டும் தனியாக இன்னொரு பக்கம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று பெரியவர்கள் சொன்னது மழைக்கும் வெயிலுக்கும் பயந்த காலத்தில். இன்றைக்கு நம் உழக்கைத் தின்கிறது ஒரு பச்சைப் புழு.

இது அவரவர் தோட்டத்துத் தலைவிதி என்று பேசாமல் இருந்துவிட முடியாது. இது ஊர்ப் பிரச்சினை, மலைப் பிரச்சினை, அரசு பதில் சொல்லவேண்டிய பிரச்சினை. ஏன் என்று இந்தப் பக்கங்களில் விளக்குகிறோம். படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எதிரியைத் தெரிந்துகொள்வோம்

இந்தப் பூச்சியின் பெயர் வைரமுதுகு அந்துப்பூச்சி. ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. சிறகை மடித்து உட்கார்ந்தால் முதுகில் மூன்று வைரக்கல்லை வரிசையாகப் பதித்த மாதிரி வெளிர் நிறக் கட்டம் தெரியும். அதனால்தான் இந்தப் பெயர். பகலில் இலைக்கடியில் ஒளிந்திருக்கும். பொழுது சாயும்போது கிளம்பிப் பறக்கும். ஒரு தாய்ப்பூச்சி 150-க்கு மேல் முட்டை வைக்கும். முட்டை கடுகைவிடச் சின்னது, மஞ்சள் நிறம். இலையின் அடிப்பக்கம் நரம்போரமாகப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

பொரித்து வரும் புழு முதலில் இலைக்குள்ளேயே புகுந்து தின்னும். அப்புறம் வெளியே வந்து அடிப்பக்கத்தைச் சுரண்டும். மேல்தோல் மட்டும் மிஞ்சி, கண்ணாடி ஒட்டின ஜன்னல் மாதிரி இருக்கும். பிறகு அதுவும் கிழிந்து ஓட்டை விழும். தொட்டால் துள்ளும், நூல் விட்டுக் கீழே இறங்கும். கடைசியில் இலையிலேயே சல்லடைத் துணி மாதிரி கூடு கட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பூச்சியாக இரண்டு மூன்று வாரம் போதும், குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு கோசு வெள்ளாமை வெட்டுக்கு வருவதற்குள் இது பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று நான்கு தலைமுறை பார்த்துவிடும்.

கோசு, காலிஃப்ளவர், நூக்கோல், முள்ளங்கி, டர்னிப், கடுகு என்று அந்த ஒரு குடும்பத்துப் பயிரைத்தான் இது தின்னும். பூண்டு, கேரட், பீன்ஸ், உருளை பக்கம் திரும்பாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பேசுவோம்.

புதிதாக வந்த பூச்சி என்றும் நினைக்கவேண்டாம். நம் நாட்டில் 1914-லேயே பிளெட்சர் என்ற பூச்சியியல் அதிகாரி இதைப் பதிவு செய்துவிட்டார். நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிற பூச்சி இப்போது ஏன் அடங்கமாட்டேன் என்கிறது?

மருந்துக்கு ஏன் சாகவில்லை?

நம் கையில் தப்பு இருக்கிறது, அளவு தெரியாமல் அடிக்கிறோம் என்று சிலர் பேசுகிறார்கள். உலகம் முழுக்க நடந்த கதையைப் பார்த்தால் உண்மை தெரியும்.

டிடிடி மருந்து வந்தபோது பூச்சிக்கே காலம் முடிந்தது என்றார்கள். இந்தோனேசியாவின் ஜாவா மலையில் கோசுக்கு அடித்துப் பார்த்து, 1953-லேயே இந்தப் பூச்சி அதற்கு அசையவில்லை என்று எழுதிவைத்தார்கள். பயிர்ப் பூச்சிகளில் டிடிடியைத் தாங்கிக்கொண்டதாக முதலில் பதிவானவற்றில் இது ஒன்று. நம் நாட்டில் 1968-இல் பஞ்சாபில் டிடிடியும் பாரத்தியானும் பலிக்கவில்லை என்று பதிவாயிற்று. பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை 'பிடி' என்று சொல்வார்கள். ஹவாய்த் தீவில் அதையே திரும்பத் திரும்ப அடித்ததில் 1990-இல் அதையும் தாங்கிக்கொண்டது என்று கண்டார்கள். அதற்கப்புறம் வந்த புது வகை குளோரான்ட்ரானிலிப்ரோல், ஃப்ளூபென்டியமைடு. இவை கடைக்கு வந்து நாலைந்து வருஷம்கூட ஆகவில்லை, 2010-ஐ ஒட்டி தாய்லாந்திலும் பிலிப்பைன்சிலும் அப்புறம் சீனாவிலும் பலிக்காமல் போயின.

காரணம் மந்திரம் இல்லை. ஆயிரம் புழுவில் நாலு புழு மருந்தைத் தாங்கும் உடம்போடு பிறக்கும். மருந்து அடித்தால் மற்றது செத்து அந்த நாலு மிஞ்சும். அந்த நாலும் தங்களுக்குள் கூடி முட்டை வைக்கும். மறுபடி அதே மருந்தை அடித்தால் இன்னும் வலுத்தது மிஞ்சும். நாம் காசு கொடுத்துப் புழுவைச் சலித்துச் சலித்து வீரியமான விதையாக்கி வைக்கிறோம் என்று அர்த்தம்.

இதில் இன்னொரு சூது இருக்கிறது. கடையில் பத்துப் பாட்டில் பத்துப் பெயரோடு நிற்கும். பெயர்தான் வேறு, உள்ளே சரக்கு ஒரே குடும்பமாக இருக்கும். குளோரான்ட்ரானிலிப்ரோல், சயான்ட்ரானிலிப்ரோல், ஃப்ளூபென்டியமைடு மூன்றும் அண்ணன் தம்பி. ஒன்று பலிக்கவில்லை என்று இன்னொன்றை வாங்கினால் மருந்து மாற்றினதாக ஆகாது, பாட்டில் மாற்றினதாகத்தான் ஆகும். இதை விவசாயிக்குச் சொல்லவேண்டியது யார்? தோட்டக்கலை அலுவலர் தோட்டத்துக்கு வந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, எழுதித் தரவேண்டும். ஒரு அலுவலர் எத்தனை ஊரைத்தான் பார்ப்பார்? அவர் வராத இடத்தில், மருந்து விற்கிறவரே வைத்தியராகவும் இருக்கிறார். கடனுக்குக் கொடுப்பவரும் அவரே. கடன் வாங்கினவன் எதிர்க்கேள்வி கேட்க முடியுமா? "இதையும் கலந்து அடிங்க" என்றால் கலந்து அடிக்க வேண்டியதுதான்.

கலந்து அடிக்கிறவருக்கு முகமூடி உண்டா, கையுறை உண்டா? டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கி அடிக்கிற நம் பிள்ளைகளின் மூச்சில்தான் முதல் மருந்து இறங்குகிறது. கழுவின தண்ணீர் ஓடையில் இறங்குகிறது. இந்த மலைத் தண்ணீர்தான் கீழே பாலாறு-பொருந்தலாறு அணைக்கும் குதிரையாறு அணைக்கும் போகிறது. மோனோகுரோட்டோபாஸை 2005-லேயே காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று தடை செய்தார்கள். எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. கேடு என்று தெரிந்து நிறுத்துவதற்குள் எத்தனை வருஷம் நம் முதுகில் சுமந்தோம்!

நமக்காக வேலை செய்கிற குளவி

இந்தப் பூச்சிக்கும் ஒரு எமன் உண்டு. டையடெக்மா என்ற சின்னக் குளவி. நம்மைக் கொட்டாது. பச்சைப் புழுவைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும். குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். இதற்குக் குளிர்ந்த மலைதான் பிடிக்கும். சமவெளி வெயிலுக்கு கொட்டீசியா என்ற வேறு குளவி இருக்கிறது. டையடெக்மா நீலகிரிக் கோசுத் தோட்டங்களில் வேலை செய்து காட்டியிருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே மலைப் பகுதிக்கு இதை விடச் சொல்லியிருக்கிறது. கென்யா நாட்டு மலைகளில் 2002-இல் விட்டு நல்ல பலன் கண்டார்கள்.

ஆனால் ஜாவாவில் நடந்ததைக் கவனியுங்கள். அங்கே 1950-லேயே நியூசிலாந்திலிருந்து இந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். வருஷக்கணக்கில் பெரிதாகப் பலன் தெரியவில்லை. ஏன்? கண்டபடி மருந்து அடித்ததில் குளவி செத்தது, புழு பிழைத்தது. விவசாயிகள் கடுமையான மருந்தைக் குறைத்து பிடி மருந்துக்கு மாறின பிறகுதான் குளவி தலையெடுத்து மலைத் தோட்டங்களைக் காத்தது. காவலாளியை நாமே அடித்துத் துரத்திவிட்டுத் திருடன் வந்தான் என்று புலம்பிப் பலன் இல்லை.

பிடி மருந்து அடித்த உடனே புழு சுருண்டு விழாது. அது புழுவின் வயிற்றுக்குள் போய் வேலை செய்கிற மருந்து. முதலில் புழு தின்பதை நிறுத்தும், இரண்டு மூன்று நாளில் சாகும். "அடிச்சேன், மறுநாளும் உயிரோடதான் இருக்கு" என்று உடனே வேறு மருந்துக்கு ஓடவேண்டாம். வெயில் இதைக் கெடுத்துவிடும், அதனால் சாயங்காலம் அடிக்கவேண்டும். இலையின் அடிப்பக்கம் நனையவேண்டும். லிட்டருக்கு 2 கிராம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை, கோசு உருண்டை பிடிக்க ஆரம்பிக்கும் பருவத்தில். அதற்கப்புறம் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம்: 5 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கவேண்டும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி கட்டினால் பூச்சி எப்போது கூடுகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கிற இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கடுகுப் பொறிப்பயிர் முறையைச் சொல்கிறது. 25 வரிசைக் கோசுக்கு 2 வரிசைக் கடுகு. ஒரு வரிசையைக் கோசு நடுவதற்கு 15 நாள் முன்னாலும், அடுத்ததை நட்டு 25 நாள் கழித்தும் விதைக்கவேண்டும். பூச்சி கடுகை விரும்பிப் போய் முட்டை வைக்கும். அந்தக் கடுகில் மட்டும் மருந்து அடித்தால் போதும். நம் மலைச் சரிவில், நம் குளிரில் இது எவ்வளவு பலிக்கும் என்பதைக் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நம் தோட்டத்திலேயே போட்டுக் காட்டட்டும். நிலையத்து வேலிக்குள் விளைந்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது.

விலை விழுந்தால் புழு எழும்

எல்லாரும் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கோசு விலை தரைமட்டமாக விழுகிறது. வெட்டுக்கூலியும் லாரி வாடகையும்கூடத் தேறாது என்று தெரிந்தால் விவசாயி என்ன செய்வான்? வெட்டாமல் தோட்டத்திலேயே விட்டுவிடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, கைக்காசைப் போட்டு வெட்ட அவனுக்கு எங்கே வழி? ஆனால் விட்டுவிட்ட அந்தக் கோசுத் தோட்டம்தான் பூச்சிக்குக் கல்யாண மண்டபம். மருந்தும் இல்லை, உழவும் இல்லை, தின்னத் தீனி ஏராளம். அங்கே பெருகுகிற பூச்சி அடுத்த தோட்டத்து இளம் நாற்றில் போய் விழும். முந்தின வெள்ளாமையில் விலை கெட்டவன் தோட்டத்திலிருந்து, அடுத்த வெள்ளாமையில் நல்ல விலை எதிர்பார்த்தவன் தோட்டத்துக்கு நஷ்டம் பறந்து வருகிறது.

ஆகவே, விலை வேறு, புழு வேறு என்று அதிகாரிகள் பிரித்துப் பேசவேண்டாம். கோசுக்கு ஒரு அடிப்படை விலை இருந்தால் யாரும் தோட்டத்தை அப்படியே விடமாட்டார்கள். நடக்காத காரியமா? கிளாவரைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்து வட்டவடை, காந்தளூர். அங்கேயும் கோசு, கேரட், பூண்டுதான். கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருளுக்கு அடிப்படை விலை அறிவித்தது. அதில் கோசு கிலோவுக்கு 11 ரூபாய் என்று வைத்தார்கள். அமலாக்கத்தில் குறை இருக்கலாம், ஆனால் ஒரு அரசு மனசு வைத்தால் அறிவிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஒரே மலை, ஒரே குளிர், ஒரே கோசு. நடுவில் ஒரு எல்லைக்கல். அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் பிறந்தது நம் குற்றமா?

நிவாரணம் பிச்சை இல்லை

"பூச்சி விழுந்ததுக்கெல்லாம் அரசாங்கம் பணம் கொடுக்குமா?" என்று கேட்கிறார்கள். கொடுக்கும். பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய அரசின் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி மழையோடு 'பூச்சித் தாக்குதல்' என்றும் எழுதியிருக்கிறது. 2015 முதல், 33 சதமோ அதற்கு மேலோ பயிர் போயிருந்தால் கணக்கில் எடுக்கவேண்டும். 2022-இல் திருத்திய விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய், அதிகபட்சம் 2 ஹெக்டேர். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் பாசனப் பயிருக்கு 7,000 ரூபாய்கூட வராது. மருந்துப் பாக்கியில் ஒரு பகுதிக்குத்தான் ஆகும். அந்தச் சொற்பத்தையும் கேட்டு வாங்காமல் விடுவானேன்?

முன்னுதாரணமும் இருக்கிறது. 2018-இல் அமெரிக்கப் படைப்புழு நம் நாட்டுக்குள் நுழைந்து மக்காச்சோளத்தை அழித்தபோது, தமிழ்நாடு அரசு 2019-இல் மக்காச்சோள விவசாயிகளுக்கு நிவாரணம் அறிவித்தது. விவசாயிகள் தெருவுக்கு வந்து கேட்டார்கள், கிடைத்தது. மக்காச்சோளத்தைத் தின்றால் பேரிடர், மலைக் கோசைத் தின்றால் அது விவசாயியின் பாடு என்பது எந்த ஊர் நியாயம்?

"இது வழக்கமா வர்ற பூச்சிதானே" என்பார்கள். வறட்சியும் வழக்கமாக வருவதுதான், வெள்ளமும் வருவதுதான். நஷ்டம் 33 சதத்தைத் தாண்டியதா என்பதுதான் கேள்வி. அதை அளக்க ஆள் வரவேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

இங்கே நமக்கும் ஒரு வேலை உண்டு. அடங்கலில் கோசு என்று பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பாருங்கள். பயிரே பதிவில் இல்லாவிட்டால் நஷ்டத்துக்கு ஏது சாட்சி? குத்தகைக்கு உழுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். பட்டா ஒருவர் பேரில், கடன் இன்னொருவர் தலையில். உழுதவன் பெயர் பதிவில் வரவேண்டும்.

ஒருத்தன் மட்டும் தப்பிக்க முடியாது

பூச்சிக்கு வேலி தெரியாது, சாதி தெரியாது, கட்சி தெரியாது. நீங்கள் சுத்தமாக வைத்திருந்தாலும் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிப்போட்ட கோசுக் கட்டை அழுகிக் கிடந்தால் உங்களுக்கும் புழு வரும். அதனால் இது சங்கமாகக் கூடிச் செய்யவேண்டிய வேலை. ஒவ்வொரு ஊர்க் கிளையும் கூட்டம் போட்டு இவற்றைப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறோம்:

வெட்டு முடிந்த ஒரு வாரத்துக்குள் கட்டை, இலை எல்லாவற்றையும் உழுது மண்ணில் மூடவேண்டும். வெட்டாமல் விடுகிற தோட்டத்தை அந்தக் குடும்பத்தால் உழமுடியாவிட்டால் ஊர் கூடி உழுது கொடுக்கவேண்டும்.

கோசுக்குப் பின் கோசு, காலிஃப்ளவருக்குப் பின் கோசு என்று போடாமல் பூண்டு, கேரட், பீன்ஸ் என்று மாற்றவேண்டும். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் இந்தக் குடும்பப் பயிர் இல்லாத இடைவெளி விட்டால் பூச்சி பட்டினி கிடந்து குறையும். உருளையில் விழுகிற முட்டைக்கூடு நூற்புழுவுக்கும் பயிர் மாற்றம்தான் முக்கியமான வழி. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

நாற்று வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். நாற்றோடு புழுவையும் காசு கொடுத்து வாங்கவேண்டாம்.

மருந்து வாங்கினால் ரசீது கேளுங்கள். பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ரசீதில் இருக்கட்டும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி ஆய்வாளர் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப முடியும். ரசீது இல்லாமல் போனால் புகாருக்குக் காலே இல்லை. பாட்டிலில் இருக்கிற முக்கோணத்தையும் பாருங்கள்: சிவப்பு கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை.

அரசுக்கு நம் கோரிக்கைகள்

1. கொடைக்கானலிலேயே டையடெக்மா குளவி வளர்ப்புக் கூடம் அமைத்து, பருவத்துக்கு முன்பே ஊர் ஊராக இலவசமாகக் கொடுக்கவேண்டும்.

2. பிடி மருந்து, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டை மூன்றும் தோட்டக்கலை அலுவலகத்தில் மானிய விலையில் நடவு நேரத்தில் இருக்கவேண்டும். வெட்டு முடிந்தபிறகு வந்து பயன் இல்லை.

3. ஒவ்வொரு வருஷமும் நம் மலைப் புழுவை எடுத்துச் சோதித்து, எந்த மருந்து பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்று தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவேண்டும்.

4. மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் போதுமான தோட்டக்கலை அலுவலர்களை நியமித்து, குறிப்பிட்ட கிழமையில் குறிப்பிட்ட ஊரில் இருக்கச் செய்யவேண்டும்.

5. மருந்துக்கடைகளில் மாதிரி எடுத்து, போலி மருந்து விற்றால் உரிமத்தை ரத்து செய்யவேண்டும்.

6. பூச்சியால் 33 சதத்துக்கு மேல் நஷ்டமான தோட்டங்களைக் கணக்கெடுத்து, குத்தகை விவசாயிக்கும் சேர்த்து நிவாரணம் தரவேண்டும்.

7. கோசு, காலிஃப்ளவர், கேரட், பூண்டுக்கு அடிப்படை விலை அறிவிக்கவேண்டும்.

8. மருந்து அடிக்கிற தொழிலாளிக்குப் பாதுகாப்பு உடையும், மலை ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்தும் எப்போதும் இருக்கவேண்டும்.

இதில் எதுவும் ஆகாயத்தைக் கேட்கிற கோரிக்கை இல்லை. பாதி, அரசின் பரிந்துரைப் புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகி இருப்பது. நிவாரணம், விதியில் ஏற்கெனவே எழுதியிருப்பது. ஏட்டில் இருப்பதைத் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

முதல் படியாக, திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஐந்து பேராவது வரவேண்டும். வெறுங்கையோடு வரவேண்டாம். புழு தின்ற கோசை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வாருங்கள். அடங்கல் நகல், மருந்து ரசீது, செலவுக் கணக்கு எழுதின நோட்டு இவற்றையும் எடுத்து வாருங்கள். பேச்சை மறுக்கலாம், மேஜைமேல் கொட்டின கோசை மறுக்க முடியாது. பதில் வராவிட்டால் கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகம் முன்னால் மலையே திரளும். தேதியைக் கிளைச் செயலாளர்கள் வீடு வீடாக வந்து சொல்வார்கள்.

பெண்களும் வரவேண்டும். நாற்று நடுவதும் களை எடுப்பதும் கோசு வெட்டுவதும் அவர்கள் கைதான். இலையைத் திருப்பி முதல் புழுவைப் பார்ப்பதும் அவர்கள் கண்தான்.

150 முட்டை வைக்கிற ஒரு பூச்சி, ஒரே வெள்ளாமையில் ஒரு மலையையே மூடுகிறது. நாம் ஊருக்குப் பத்துப் பேர் கூடி நின்றால் ஒரு அலுவலகக் கதவைத் திறக்கவைக்க முடியாதா? கூடுவோம், கேட்போம், வாங்குவோம்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

செயலாளர்